அழுங்குக்கு வக்காலத்து ஏற்பார் யார்?

“அழுங்குப்பிடி” என்னும் சொல்லை அறியாதார் எம்மவரிடையே இரார். கொண்ட கொள்கையை விடாதவனையும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனையும் அந்த ஒரு சொல்லாலேயே நாம் சுட்டி வருகிறோம். காணி வழக்கில் எல்லைக் கல்லை விட்டுக்கொடாத கமக்காரனை அழுங்குப்பிடிக்காரன் என்கிறோம். சபையில் ஒரு கோரிக்கையை முன்வைத்துப் பின்வாங்காத உறுப்பினனையும் அவ்வாறே அழைக்கிறோம். ஆனால் அப்பிடிக்குப் பெயர் தந்த பிராணியைக் கண்ணாற் கண்டவர் எம்முள் எத்தனை பேர்? வன்னியிலும் மன்னாரிலும் கிழக்கின் காட்டோரக் கிராமங்களிலும் வாழும் முதியோர் சிலர் கண்டிருப்பர். பட்டினத்துப் பிள்ளைகளுக்கோ அது ஏட்டுச் சுரைக்காய். சொல் எம் நாவில் வாழ்கிறது. அச்சொல்லுக்கு உரிய உயிர் எம் நிலத்தில் தேய்ந்து வருகிறது.

அரசியல் பேசும் ஏட்டில் எறும்பு தின்னும் விலங்குக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அது நியாயமான வினாவே. ஒரு பிராணி அழிவதற்குக் காரணம் புலியோ நோயோ அன்று. வாணிபமும், வறுமையும், எழுத்தில் மட்டும் வாழும் சட்டமும், நிலத்தைப் பற்றிய பிணக்குமே காரணம் என்னும்போது, அது அரசியல் அன்றி வேறென்ன? வாக்குரிமை இல்லாத, வழக்குரைக்க வாயில்லாத ஓர் உயிரின் பொருட்டு வாதாடுவது வழக்கறிஞர் தொழிலுக்கும் புறம்பானதன்று. ஆகவே இந்த வழக்கின் சங்கதிகளை வாசகர் என்னும் நீதிமன்றத்தின் முன் முறையாக எடுத்துவைக்கின்றோம்.

கட்சிக்காரன் யார்?

அழுங்கு முலையூட்டி. குட்டியை ஈன்று பாலூட்டும் இனத்தைச் சேர்ந்ததாயினும், உடலெங்கும் செதில் போர்த்த முலையூட்டி உலகில் இதைத் தவிர வேறில்லை. ஆசியாவில் நான்கும் ஆபிரிக்காவில் நான்குமாக எட்டு இனங்களை அறிஞர் நெடுங்காலமாக வகுத்து வந்துள்ளனர். அவற்றுள் எமது தீவில் உள்ளது ஒன்றே. இந்திய அழுங்கு எனப்படும் அவ்வினம் இலங்கையிலும் இந்தியாவிலும் நேபாளத்திலும் பாக்கிஸ்தானிலும் வாழ்கிறது.

அதற்குப் பல் இல்லை. கடிக்கவும் தெரியாது, கறுவவும் தெரியாது. பகலெல்லாம் தான் தோண்டிய வளையில் உறங்கி, இருள் பரவிய பின் வெளிப்பட்டு, வலிய நகங்களாற் புற்றைக் கிழித்து, பசைபோன்ற உமிழ்நீர் பூசிய நெடிய நாவை உட்செலுத்தி, எறும்பையும் கறையானையும் அள்ளி உண்கிறது. பெண் அழுங்கு தன் குட்டியை வாலின் அடிப்புறத்திற் சுமந்து திரியும். ஆபத்து நெருங்கினால் தாய் சுருண்டு குட்டியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொள்ளும். அந்தச் சுருளைப் பிரிக்க முயன்று தோற்றவர் வைத்த பெயரே அழுங்குப்பிடி.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாற்று நூலில், தாம் வளர்த்த இரண்டு அழுங்குகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கண்டிப் பகுதியிலிருந்து கிடைத்த சிறிய அழுங்கு வீடெங்கும் எறும்பு தேடி அலைந்து, பின் அவருடைய முழங்காலில் ஏறித் தன் தேவையை உணர்த்துமாம். சிலாபத்துக் காட்டிற் பிடிபட்ட பெரிய அழுங்கோ அவருடைய தோட்டத்து மரத்தில் ஏறி இறங்குமாம். இத்துணைச் சாதுவான பிராணிக்கு எதிராக மனிதன் கொண்டுள்ள பகை எத்தகையது என்பதைக் காண்போம்.

சுருண்டுகொள்வதே அதன் ஒரே பாதுகாப்பு. சிறுத்தையின் பல்லும் அந்தச் செதிற் கவசத்தில் எளிதில் ஏறாது. பல்லாயிரம் தலைமுறையாக அந்த உபாயம் பலித்து வந்தது. ஆனால் மனிதன் பல்லோடு வருபவன் அல்லன். கையோடும் சாக்கோடும் வருகிறான். சுருண்டு கிடக்கும் அழுங்கைத் துரத்த வேண்டியதில்லை, சுட வேண்டியதில்லை, தேங்காய் பொறுக்குவதுபோலப் பொறுக்கிச் சாக்கில் இட்டால் தீர்ந்தது. எந்தக் குணம் அதனைக் காத்ததோ அந்தக் குணமே அதனைக் காட்டிக்கொடுக்கிறது.

சந்தையின் கணக்கு

அழுங்கின் இறைச்சிக்கும் செதிலுக்கும் கிழக்காசியாவில், சிறப்பாகச் சீனத்திலும் வியட்நாமிலும், பெருங் கிராக்கி உண்டு. சீன அழுங்கு முதலில் வேட்டையாடப்பட்டுக் குறைந்தது. பின்னர் வாணிகரின் கண் மலாய் நாடுகளின் அழுங்கின்மேல் விழுந்தது. அதுவும் அருகியபோது ஆபிரிக்காவின் மேலும் தென்னாசியாவின் மேலும் அது திரும்பியது. இன்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சீன அழுங்கும், சுந்தா அழுங்கும், பிலிப்பைன் அழுங்கும் மிக அபாயமான நிலையில் உள்ளவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. எமது இந்திய அழுங்கு அவற்றுக்கு அடுத்த படியில், அழியும் அபாயத்தில் உள்ள இனமாக நிற்கிறது. அப்படியிலிருந்து அது ஏறுமா, இறங்குமா என்பதே இன்றைய கேள்வி.

வாணிபத்தின் அளவைக் காட்ட ஓர் உதாரணம் போதும். 2019ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 3ஆம் திகதி சிங்கப்பூர் துறைமுகத்தில் 12.9 தொன் அழுங்குச் செதில் கைப்பற்றப்பட்டது. ஐந்து நாள் கழித்து 8ஆம் திகதி மேலும் 12.7 தொன் பிடிபட்டது. இரண்டும் நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குச் சென்றுகொண்டிருந்தவை. ஒரு கிழமைக்குள் ஒரே துறைமுகத்தில் இருபத்தைந்து தொன்னுக்கு மேல்! அச்செதில்களைத் தருவதற்கு ஏறத்தாழ 38,000 அழுங்குகள் கொல்லப்பட்டிருக்க வேண்டுமெனச் சிங்கப்பூர் அதிகாரிகள் மதிப்பிட்டனர். இது பிடிபட்டதன் கணக்கு. பிடிபடாது போனதற்குக் கணக்கு எழுதுவோர் இல்லை.

இத்தொகையை அழுங்கின் பிறப்புக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காட்டுப் பன்றி ஒரே ஈற்றில் பல குட்டிகளைப் போடும். அழுங்கோ வழக்கமாக ஒரே ஒரு குட்டியையே ஈனும். சினைப்பட்ட ஓர் அழுங்கைக் கொன்றவன் இரண்டு உயிரைக் கொன்றவனாகிறான். அந்த இழப்பை ஈடுசெய்ய மற்றோர் அழுங்குக்கு ஆண்டுகள் வேண்டும். கூட்டில் வைத்து வளர்த்துப் பெருக்கலாமே எனின், அதற்கும் அது எளிதில் இணங்குவதில்லை. சிறைப்பட்ட அழுங்கு நோயுற்றும் உண்ணாதும் மடிவதே பெரும்பாலும் கண்ட அநுபவம். வட்டியே இல்லாத முதலை எடுத்து எடுத்துச் செலவிட்டால் பெட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மருந்து என்னும் மயக்கம்

செதிலில் அப்படி என்னதான் இருக்கிறது? மனிதனின் நகத்திலும் தலைமயிரிலும் உள்ள கெரற்றின் என்னும் பொருளே அதில் இருக்கிறது. காண்டாமிருகத்தின் கொம்பும் அதே பொருளால் ஆனது. அச்செதிலைப் பொடித்து உண்டால் பால் சுரக்கும், வீக்கம் வற்றும் என்று சீன வைத்தியம் நெடுங்காலம் சொல்லி வந்தது. அதற்கு விஞ்ஞானம் சான்று தரவில்லை. நாவிதன் கடையிற் கூட்டித் தள்ளும் மயிருக்கு இல்லாத மகிமை செதிலுக்கு எங்கிருந்து வந்தது?

சீன அரசே 2020ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அழுங்கை முதலாந்தரப் பாதுகாப்புப் பெறும் விலங்காக உயர்த்தியது. அவ்வாண்டின் மருந்துப் பொருட் கோவையில் மூலப்பொருள்களின் வரிசையிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியும் விட்டது. எனினும் செதில் சேர்ந்த சில ஆயத்த மருந்துகள் அதே கோவையில் இடம்பெற்றிருந்தன. முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்துவைத்த கதையன்றோ இது? ஆயினும், அந்தப் பெரிய நாடே செதிலை மூலமருந்தென ஏற்காது தள்ளிய பின்னும், எம் ஊர்களில் அதனை இடுப்பிற் கட்டினால் காத்துக் கறுப்பு அணுகாது என்று நம்புவோர் இருப்பார்களாயின், அந்த நம்பிக்கையை என்னென்பது!

அதே 2020ஆம் ஆண்டில் உலகை முடக்கிய கொள்ளைநோயின்போது இன்னொரு குற்றச்சாட்டும் இப்பிராணியின் தலையில் விழுந்தது. கடத்தப்பட்டு வந்த சில அழுங்குகளில் அந்நோய்க் கிருமியை ஒத்த கிருமிகள் காணப்பட்டதால், நோயை மனிதனுக்குக் கொணர்ந்தது அழுங்கே எனப் பலர் தீர்ப்புக் கூறினர். அது நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்பட்டிருப்பினும் குற்றவாளி யார்? காட்டில் உறங்கிய பிராணியா, அதனைக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்த மனிதனா?

எமது மண்ணில் நிகழ்வது

தூர தேசத்துக் கதை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. பாக்கிஸ்தானின் பொதொகார் மேட்டுநிலத்தில் அழுங்கு ஒரு காலத்தில் சாதாரணமாகக் காணப்பட்டது. செதில் வாணிகரின் ஆட்கள் அங்கு கால்வைத்தார்கள். கூலிக்கு ஆள் பிடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அழுங்கு அரிதாகிவிட்டது. அதே வாணிபம் பாக்கு நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் அறியாததன்று. இக்கடற்பரப்பின் கரைகளில் அழுங்குச் செதில் கைப்பற்றப்பட்ட செய்திகள் காலத்துக்குக் காலம் வெளிவந்துள்ளன. மஞ்சளும் கடலட்டையும் கஞ்சாவும் கடக்கும் கடலில் செதில் மூட்டை கடப்பது அரிதா?

உள்ளூரில் நடப்பதும் குறைவானதன்று. வேட்டை நாய்கள் வளையை மோப்பம் பிடிக்கின்றன. மண்வெட்டி மிகுதியைச் செய்கிறது. பன்றிக்கும் மானுக்கும் வைத்த கம்பிச் சுருக்கு இன்னாரென்று பார்த்து இறுகுவதில்லை. கட்டுத்துவக்கும் அவ்வாறே. இரவில் வீதியைக் கடக்கும் அழுங்கு, வாகன வெளிச்சத்தைக் கண்டதும் ஓடாமல் தன் இயல்புப்படி சுருண்டு கிடக்கிறது. சக்கரம் அதன்மேல் ஏறுகிறது.

மின்வேலியைப் பற்றியும் ஒரு சொல். தென்னாபிரிக்காவில் பண்ணை மின்வேலிகள் அழுங்குகளைக் கொல்லும் முறையை ஆராய்ந்துள்ளனர். தாழ்ந்து செல்லும் கம்பியில் வயிறு பட்டதும், பயந்த பிராணி அக்கம்பியையே நடுவில் வைத்துச் சுருண்டுகொள்கிறது. மின் அதிர்ச்சி திரும்பத் திரும்பத் தாக்கத் தாக்க, அது பிடியை இறுக்குகிறதேயன்றி விடுவதில்லை. அவ்வாறே இறக்கிறது. எமது வயலோரங்களில் வீட்டு மின்சாரத்தைச் சட்டவிரோதமாக இழுத்துப் பன்றிக்குக் கட்டும் கம்பி அதனினும் கொடியது. அது பன்றியை மட்டுமன்றி யானையையும், மாட்டையும், இருட்டில் நீர் கட்டச் செல்லும் மனிதனையும் கொன்றிருக்கிறது. அழுங்குக்கு மட்டும் அது இரக்கம் காட்டுமா?

சட்டம் எங்கே?

சட்டம் இல்லாமலில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்திலேயே பிறந்தது. அது 1993இலும், 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தாலும் திருத்தப்பட்டது. அழுங்கு அதன்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனைக் கொல்வதும், பிடிப்பதும், இறைச்சியையோ செதிலையோ விற்பதும் குற்றம். காட்டு உயிரினங்களின் சர்வதேச வாணிபம் பற்றிய உடன்படிக்கையில் இலங்கை 1979ஆம் ஆண்டிலேயே சேர்ந்துகொண்டது. அவ்வுடன்படிக்கையைச் சார்ந்த நாடுகள் 2016இல் ஜொகனஸ்பேர்க் நகரிற் கூடி எட்டு அழுங்கு இனங்களையும் முதலாம் அட்டவணைக்கு உயர்த்தின. 2017ஆம் ஆண்டு சனவரி மாதம் முதல் அழுங்கைக் கொண்டு சர்வதேச வாணிபம் செய்வது அறவே தடைசெய்யப்பட்டுள்ளது.

ஆனால் மேற்சொன்ன இருபத்தைந்து தொன் செதிலும் அந்தத் தடைக்குப் பின்னர்ப் பிடிபட்டது என்பதை வாசகர் மறக்கலாகாது. சட்டம் சுருண்டுகொண்ட அழுங்கைப் போன்றது. பார்வைக்குக் கவசம், எடுப்பார் கைக்குப் பிள்ளை. அதனை நடத்துவிக்கும் கை இல்லையேல் அட்டவணைகளும் இலக்கங்களும் ஆருக்கு உதவும்?

தண்டனையைக் கூட்டினாற் போதும் என்பார் சிலர். சிம்பாப்வே நாட்டில் அழுங்கைக் கடத்தியவனுக்கு, விசேட காரணம் எதுவும் இல்லாதவிடத்து, முதற் குற்றத்துக்கே ஒன்பது ஆண்டுச் சிறை விதிக்கச் சட்டம் உண்டு. அவ்வுறுதியை யாம் மெச்சுகிறோம். ஆயினும் நீதிமன்றத்தில் நாம் அன்றாடம் காண்பது என்ன? சாக்கோடு பிடிபடுபவன் அன்றாடங் காய்ச்சி. அவன் கைக்குச் சேர்வது சொற்பம். சரக்கைச் சேர்ப்பவனும், படகுக்குப் பணம் கொடுப்பவனும், கப்பலேற்றுபவனும் சாட்சிக் கூண்டுக்குக்கூட வருவதில்லை. கூலிக்காரனைச் சிறையிலிட்டு முதலாளியை வீதியில் விடும் நியாயம் அழுங்கையும் காவாது, ஏழையையும் காவாது. புலனாய்வு மேல்நோக்கிச் செல்ல வேண்டும். செதில் பிடிபட்ட வழக்கை ஒரு வேட்டை வழக்காக அன்றி, சுங்கச் சட்டமும் பணம் தூய்தாக்கலைத் தடுக்கும் சட்டமும் தொடும் வழக்காக நடத்த வேண்டும்.

சட்டத்தை அறியாமை எதிர்வாதமாகாது என்பது பழைய நீதிமொழி. அது சரியே. ஆனால் அம்மொழிக்கு மறுபக்கமும் ஒன்று உண்டு: குடிமகன் அறியும் வகையில் சட்டத்தை அறிவிப்பது அரசின் கடன். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் முதற்கொண்டு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. எனவே எவ்விலங்கு காக்கப்பட்டது, எச்செயல் குற்றம், அதற்குத் தண்டம் யாது, எவருக்கு அறிவிப்பது என்னும் விபரங்களைத் தமிழில் எழுதிக் கமநல சேவை நிலையங்களிலும், கிராம அலுவலர் பணிமனைகளிலும், காட்டோரப் பாடசாலைகளிலும் ஒட்டுமாறு கேட்பது எமது உரிமை.

கமக்காரரின் நியாயம்

இனிக் கமக்காரரின் பக்கம் நின்று பேச வேண்டும். பேசாவிடின் இவ்வழக்கு ஒருதலை வழக்காகும்.

“யானை வயலை மிதிக்கிறது, பன்றி கிழங்கைத் தோண்டுகிறது, குரங்கு இளநீரைப் பிடுங்குகிறது, மயில் விதையைப் பொறுக்குகிறது. கேட்டால் எல்லாம் பாதுகாக்கப்பட்ட உயிர் என்கிறார்கள். எம்மைப் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் எங்கே?” என்று வன்னிக் கமக்காரர் கேட்கின்றனர். இன்னொன்றும் கேட்கின்றனர். “2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பினோம். எம் பாட்டனார் உழுத காணி, நாம் இல்லாத காலத்திற் பற்றை வளர்ந்த காரணத்தால், காடு என்று எல்லையிடப்பட்டு நிற்கிறது. விலங்கைக் காப்பதாகச் சொல்லி எம் நிலத்தை எடுப்பவர்க்கு நாம் ஏன் துணைபோக வேண்டும்?”

இவ்விரு முறைப்பாடுகளிலும் உண்மை உண்டு. பயிரழிவுக்கு நட்டஈடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். உறுதியும் அநுமதிப்பத்திரமும் உள்ள காணிகளைக் காட்டெல்லைக்குள் அடைத்தது எங்கெங்கெல்லாம் நிகழ்ந்ததோ அங்கங்கெல்லாம் அது திருத்தப்பட வேண்டும். அதற்கான போராட்டத்தில் யாம் கமக்காரரோடு நிற்கிறோம், இனியும் நிற்போம். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். அந்த வழக்கில் எதிராளி திணைக்களம், அழுங்கு அன்று. அழுங்கு எந்தக் காணியையும் எல்லையிடவில்லை. எந்த வர்த்தமானியிலும் ஒப்பமிடவில்லை. எதிராளிமேற் கொண்ட கோபத்துக்காக, வழக்கிற் சம்பந்தமேயில்லாத அயலானைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

அன்றியும் அந்த அயலான் பகைவனல்லன். கூலி கேளாத வேலையாள். அழுங்கு நெல்லைத் தொடாது, கிழங்கைத் தோண்டாது, கோழியைப் பிடியாது. அது உண்பது கறையானையும் எறும்பையுமே. கறையானைப் பற்றிக் கமக்காரருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நட்ட தென்னம்பிள்ளையை அடியில் அரிப்பது அது. பனஞ் சலாகையையும் கூரை மரத்தையும் உளுக்கச் செய்வது அது. பெட்டகத்தில் வைத்த காணி உறுதியைத் தூளாக்கி வாரிசுகளை நீதிமன்றப் படியேற்றுவதும் அதுவே. அக்கறையானை இரவு முழுதும் தேடியுண்ணும் ஒரு விலங்கைச் சில நூறு ரூபாவுக்கு விற்றுவிட்டு, மறுநாள் கறையான் மருந்துக்குக் கடையிற் கடன் சொல்வது என்ன கணக்கு? கறையான் முழுதும் ஒழிய வேண்டுமென்று யாம் சொல்லவில்லை. இலையையும் பட்ட மரத்தையும் மக்கச் செய்து நிலத்துக்கு உரமாக்குவதும் அதன் தொழிலே. அளவோடு அது இருக்கும்படி பார்த்துக்கொள்ளவே இயற்கை அழுங்கை வைத்தது. அழுங்கு கிளறிய மண்ணில் காற்றும் நீரும் இறங்குகின்றன. அது விட்டுச்சென்ற வளையில் வேறு சிற்றுயிர்கள் குடியேறுகின்றன.

வறுமையைக் காட்டி வேட்டையை நியாயப்படுத்துவோருக்கும் ஒரு விடை உண்டு. தமிழ்நாட்டில் இருளர் மக்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்று வாழ்ந்தவர்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து தோல் வாணிபம் நின்றது. அவர்களின் பிழைப்பும் நின்றது. 1978இல் சென்னைக்கு அண்மையில் அவர்களைக் கொண்டே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. அதே மக்கள் அதே திறமையைக் கொண்டு பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டனர். அந்நஞ்சு பாம்புக்கடிக்கு மருந்தாகி உயிர்களைக் காத்தது. வேட்டைக்காரனின் அறிவை அழிக்காமல் அதன் திசையை மாற்றியமையே அச்சங்கத்தின் வெற்றி. எமது காடுகளின் வளையும் தடமும் அறிந்தவர்களை வனஜீவராசிகள் திணைக்களம் கண்காணிப்பாளராகவும், வழிகாட்டிகளாகவும், கணக்கெடுப்போராகவும் ஏன் அமர்த்தலாகாது? துவக்கேந்திய உத்தியோகத்தர் பலர் செய்ய முடியாததைத் தடமறிந்த கிராமத்தவர் ஒருவர் செய்வார்.

செய்ய வேண்டுவன

வெறும் இரக்கம் எவ்வுயிரையும் காத்ததில்லை. ஆகவே அவரவர் செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிப்போம்.

கமக்காரர் அமைப்புகள் தத்தம் கூட்டத்தில் தீர்மானமொன்று இயற்றலாம்: எம் எல்லைக்குள் கம்பிச் சுருக்கு வைப்பதில்லை, வீட்டு மின்சாரத்தை வேலிக்கு இழுப்பதில்லை, அறுவடைக்குப் பின் வைக்கும் தீயைக் காட்டோரத்துக்குப் பரவவிடுவதில்லை, வளையில் கிடக்கும் அழுங்கைத் தோண்டுவதில்லை, விலை பேசிவரும் அந்நியனை ஊருக்குள் விடுவதில்லை. அதிகாரியின் கட்டளையினும் ஊரவரின் தீர்மானம் வலிமை வாய்ந்தது. குளத்து நீர்ப்பங்கீட்டை நெடுங்காலமாகத் தம்முட் பேசித் தீர்த்துவந்த சமூகம் இதனைச் செய்யமாட்டாதா?

ஆசிரியர்கள், பாடநூலில் உள்ள சிங்கத்தையும் வரிக்குதிரையையும் கற்பிக்கும்போது, தம் கிராமத்தில் உள்ள அழுங்கையும் கற்பிக்கட்டும். சித்த வைத்தியர்களும் ஆங்கில வைத்தியர்களும் ஒருமுகமாக நின்று, செதிலில் மருந்து இல்லை என்று நோயாளர்க்குச் சொல்லட்டும். அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை நூறு சுவரொட்டிக்குச் சமன். வாகனம் ஓட்டுவோர் காட்டுவழி வீதிகளில் இரவிலே வேகத்தைக் குறைக்கட்டும். சட்டத்தரணிகள், செதில் வழக்கை இரண்டு நிமிடத்தில் தண்டம் கட்டி முடியும் அற்ப வழக்காகக் கருதாமல், மூட்டைக்குப் பின்னால் நிற்பவன் யார் என்னும் கேள்வியை நீதவானின் முன் எழுப்பட்டும். பிரதேச சபைகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும், பயிருக்கு நட்டஈடும் காணிக்கு விடுவிப்பும் கேட்கும் அதே மூச்சில், உயிருள்ள காட்டையும் கேட்கட்டும். நிலம் எமது எனின், அந்நிலத்தில் எமக்கு முன்னிருந்து வாழும் உயிர்களும் எம் பொறுப்பே. உரிமையை மட்டும் கேட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவன் உடைமையாளன் ஆகான்.

அழுங்கு தனக்காகக் கூட்டம் கூட்டாது, மனு எழுதாது, தேர்தலில் எவரையும் தோற்கடிக்காது. ஆபத்து வந்தால் குட்டியை அணைத்துச் சுருண்டு கிடக்க மட்டுமே அதற்குத் தெரியும். அதன் சார்பிற் பேசுவோர் எம்முள் இல்லையெனில், இவ்வழக்கு எதிர்வாதமின்றி ஒருதலையாகத் தீர்க்கப்பட்டுவிடும். அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. அழிந்த இனத்தை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது. ஆகவே இவ்விடயத்தில் எமது மக்கள் கொள்ள வேண்டிய பிடி எதுவென்று யாம் சொல்லவும் வேண்டுமோ? அதன் பெயர் எம் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது.